தாத்தா படத்துல இருக்கறது நெசமான தங்கமா?

கேள்வி: தாத்தா கப்பல்ல வரும்போது கொண்டாந்த தஞ்சாவூர் கிருஷ்ணர் படம் எங்க ஜார்ஜ் டவுன் வீட்டுல இருக்கு. தங்கமான்னு பாக்க கொஞ்சம் சுரண்டணும்னு ஒருத்தர் சொல்றாரு, குடுக்கலாமாங்க? – வாசகி, பினாங்கு

பதில்: ஐயோ, குடுத்துடாதீங்கம்மா! சுரண்டாமலே பாக்கலாம். எக்ஸ்ஆர்எஃப்னு கையில புடிக்கற மெஷின் இருக்கு, எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்குன்னு ஒரு சிக்னல் விடும், தங்கமா இல்ல செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடான்னு சில நிமிஷத்துல தெரிஞ்சிடும். சிவப்புல பாதரசம் காட்டினா அனேகமா சாதிலிங்கம், அதாவது பாதரசம் கலந்த சிவப்புச் சாயம். வெள்ளையில டைட்டேனியம் வந்தா, அந்த பெயிண்ட் 1920 வாக்குலதான் கடைக்கே வந்துச்சு, அதுக்காக படமே புதுசுன்னு முடிவு பண்ணிடாதீங்க, பின்னாடி யாராச்சும் டச்சப் பண்ணிருக்கலாம் லா. அவுரிச் செடியிலருந்து எடுக்கற நீலச் சாயம் மட்டும் இந்த மெஷினுக்கு சிக்காது, அதுக்கு லேசர் அடிச்சு ராமன் முறையில பாக்கணும், நம்ம திருச்சிக்காரர் சர் சி.வி. ராமன் 1928ல கண்டுபிடிச்சாரே, அதேதான். லேசர் பவர் கூடிட்டா ஈயத்துல செஞ்ச சிவப்புச் சாயம் நிறம் மாறிடும், அதனால பழக்கப்பட்டவங்க கையிலதான் குடுக்கணும். அதுவரைக்கும் ஈரத்துணி வச்சு துடைக்காதீங்க, அடியில இருக்கற சுண்ணாம்புப் பூச்சு ஊறிடும். சாம்பிராணியும் கொஞ்சம் தள்ளியே போடுங்க.