முதலில் சிமென்ட்டை உரித்தெடுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் பழைய மாளிகை ஒன்றில் அரசு அலுவலகம் நடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுகிறது. சிமென்ட் பூசியும் நிற்கவில்லை. ‘ஆயுள் முடிந்தது, இடித்துவிடலாம்’ என்கிறார்களே?
– வாசகர், தருமபுரி

பதில்: பூசியும் நிற்கவில்லை என்கிறீர்கள். பூசியதால்தான் நிற்கவில்லை!

சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிரும். மர உத்தரங்கள் சுவருக்குள் நுழைகிற நுனிதான் முதலில் மக்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது; உளியால் குத்திப் பார்க்க வேண்டும். மாடியில் வேறு கேடு. ஒரு அங்குல சிமென்ட் தளம் 1000 சதுர அடிக்கு 5 டன் சுமை. ஒழுகும்போதெல்லாம் ஒரு தளம் போட்டால் எந்தத் தேக்கு தாங்கும்?

அந்த மச்சு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்கிற பழைய முறைக் கூரை. உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே 3, 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டை ஓடு பதித்தது. பழுதும் அதே வழியில்தான் பார்க்க வேண்டும். சிமென்ட்டைச் சிற்றுளியால் உரித்து, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, தண்ணீர் போகும் தூம்பைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் ஓட, நான்கு அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் (சரிவு) வேண்டும். மக்கிய உத்தரத்தை மட்டும் மாற்றினால் போதும். சுண்ணாம்பை இரண்டு வாரமாவது தொட்டியில் ஊறவிட வேண்டும்; அவசரத்தில் நீறாத கட்டி கலந்தால் பூச்சு பிறகு வெடிக்கும். கடுக்காய்க்குச் சித்தேரி மலை, வெல்லத்துக்குக் கடத்தூர் சந்தை. உங்கள் மாவட்டத்தில் இதற்கா பஞ்சம்?

சேப்பாக்கம் அரண்மனையைப் பாருங்கள். 1768-இல் ஆற்காடு நவாபுக்காக எழும்பியது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்தபின் ஆங்கில அரசின் கைக்குப் போய், அலுவலகங்களாக மாறியது. 2012 ஜனவரியில் அதன் கலச மகாலில் தீப்பிடித்துக் கூரையே விழுந்தது. அதையும் பொதுப்பணித்துறைதான் சுண்ணாம்பு கொண்டு மீட்டது. இன்று அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. கூரை விழுந்த கட்டடமே எழுந்திருக்க, ஒழுகுகிற கட்டடத்தை இடிப்பதா?

அரசுக்கு மனு கொடுத்தால், அதில் ‘இடிக்காதீர்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். உத்தர நுனிகளைச் சோதித்து, எத்தனை மக்கியிருக்கின்றன என்று எழுத்தில் தரும்படி பொதுப்பணித்துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவைக் கேளுங்கள். தையில் வேலை தொடங்கினால் சுண்ணாம்பு நிதானமாக இறுகும். சித்திரை வெயிலில் பூசினால் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டியிருக்கும்.