வெப்சைட் கேள்வி-பதில்: முதலில் காப்பி எடுத்து வையுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து. வழக்கமாகச் சொல்வதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் சைட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். முகப்பில் நாற்பது டிசைன் போட்டிருக்கிறோம். போனில் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது. ஹோஸ்டிங்கை (சைட்டை வைத்திருக்கும் சர்வர் சேவையை) மாற்ற வேண்டுமா?

வேண்டாம். செல்போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். ஒன்று நாலைந்து எம்பி என்றால் நாற்பதும் சேர்ந்து 200 எம்பி கிட்ட வரும். எந்த ஹோஸ்டிங் வந்தாலும் இது இப்படித்தான். அகலத்தை 1200 பிக்ஸலுக்குக் குறைத்து, வெப்-பி என்ற, ஃபைலைச் சின்னதாக்கும் ஃபார்மேட்டில், குவாலிட்டி 80 வைத்துச் சேமியுங்கள். ஒரு படம் சுமார் 200 கேபிக்குள் அடங்கிவிடும். பூவேலையும் நிறமும் கெடாது. படத்தைப் பக்கத்தில் சேர்க்கும் இமேஜ் டேக்கில் விட்த் (அகலம்), ஹைட் (உயரம்) இரண்டையும் எழுதுங்கள், இல்லையென்றால் படம் வர வரப் பக்கம் கீழே குதிக்கும். அதே டேக்கில் லோடிங் என்ற ஆட்ரிப்யூட்டுக்கு லேஸி கொடுங்கள், பக்கத்தை நகர்த்தி அருகே வரும்போதுதான் படம் இறங்கும், ஆனால் முதல் திரையில் தெரிகிற படத்துக்குக் கொடுக்காதீர்கள். அதற்கும் போட்டுவிட்டு 'இன்னும் மெதுவாகிவிட்டது' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரிஜினல் படங்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். சுருக்கியதைத் திரும்பப் பெருக்க முடியாது.

காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடை. விலை 125000 என்று ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் டூலோகேல்ஸ்ட்ரிங் ஃபங்ஷனுக்கு 'என்-ஐஎன்' (இந்திய ஆங்கில முறை) என்று கொடுங்கள்; 1,25,000 என்று வரும். விலை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாக, இருந்தால் வராது, முதலில் நம்பராக மாற்றுங்கள். காற்புள்ளி போட லூப் எழுதாதீர்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். என் கம்ப்யூட்டரில் எல்லாப் படமும் தெரிகிறது. சர்வரில் ஏற்றினால் பாதி காணவில்லை.

ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

ஃபார்ம் வேலை செய்யவில்லை. அவசரம். கோட் அனுப்பவும்.

எந்த ஃபார்ம்? பட்டனை அழுத்தினால் என்ன ஆகிறது? பிரவுசரில் எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பாக வரும் வரியை முழுதாக அனுப்புங்கள். அது இல்லாமல் வரும் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது.

தேவகோட்டையில் கண்டாங்கிச் சேலைக் கடை. பிரஸ்ஸில் கொடுத்த தமிழ் விவரங்களை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. அதனால் எல்லாவற்றையும் படமாக்கிப் போட்டுவிட்டேன். கூகுளில் கடை வரவில்லை.

எப்படி வரும்? படத்துக்குள் இருக்கும் தமிழை நம்பித் தேடல் நடக்காது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து பலகார விலைப்பட்டியல் வரை இந்த ஊர்களில் பலரும் செய்வது இதைத்தான். ஒரு விலை மாறினால் டிசைனரிடம் ஓடுகிறார்கள். போனில் படிக்க இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டும். கண் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. இன்னும் ஏன் இந்தக் கூத்து என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் பிரஸ் பயன்படுத்துவது பாமினி வகை எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துருவையே சைட்டில் சேர்த்தால் தீருமா என்று கேட்காதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், அவ்வளவுதான். வாட்ஸப்பில் ஒட்டினால் பழைய குப்பையே வரும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றும் முன் காப்பி எடுங்கள். மாற்றியபின் வரி வரியாகப் படியுங்கள்: நடுவே இருந்த இமெயில் முகவரியும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகியிருக்கும், 'ஸ்ரீ' உடைந்திருக்கலாம்.

அப்புறம், ஹெட் பகுதியின் முதல் வரியாகக் கேரக்டர் செட் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள்; யூனிகோடைச் சேமிக்கும் முறை அது. விவரங்களை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வைத்திருந்தால், டேபிள் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். பழைய லத்தீன் டேபிளில் போட்டால் வெறும் கேள்விக்குறிதான் மிஞ்சும். ஹெச்டிஎம்எல் டேக்கில் மொழிக்கு, தமிழைக் குறிக்கும் டிஏ என்று போடுங்கள். பக்கத்தின் தோற்றத்தை முடிவுசெய்யும் சிஎஸ்எஸ்ஸில் லைன்-ஹைட் (வரி உயரம்) 1.7 அளவுக்கு வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போடும் 1.2 தமிழுக்கு நெருக்கும், மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்துகளுக்கு இடையே இடம் விடும் லெட்டர்-ஸ்பேஸிங் வேண்டவே வேண்டாம்.

கல்யாண அழைப்புப் பக்கம் செய்தேன். மலேசியா, சிங்கப்பூரில் சரி. அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு மட்டும் முகூர்த்தம் ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறதாம்.

தேதியை மட்டும் வருடம்-மாதம்-நாள் என்று நடுவே கோடு போட்டு எழுதி டேட் ஆப்ஜெக்டுக்குக் கொடுத்திருப்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நமக்கு அது காலை 5:30, அமெரிக்காவில் முந்தைய நாள் மாலை. முகூர்த்தத் தேதியைக் கணக்குப் போடவே தேவையில்லை, எழுத்தாகவே காட்டுங்கள். டேட் ஆப்ஜெக்ட் வேண்டியே தீரும் என்றால் வருடம், மாதம், நாள் என்று மூன்று எண்ணாகக் கொடுங்கள். மாதத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும், ஜனவரிக்கு 0. நாள் மட்டும் 1-இல் தொடங்கும். யார் வைத்த கணக்கோ.

சீப்புச்சீடை, மணகோலம் போன்ற பலகாரங்களை ஆன்லைனில் விற்கிறோம். மொத்த விலையை ஜாவாஸ்கிரிப்டில் கூட்டி, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ரேஸர்பேக்கு அனுப்பலாமா?

காட்டுவதற்குக் கூட்டலாம். வசூலிக்கிற தொகையைச் சர்வர்தான் கணக்கிட வேண்டும். பிரவுசரில் இருக்கும் எண்ணை யார் வேண்டுமானாலும் மாற்றி 450 ரூபாய்ச் சரக்கை 1 ரூபாய்க்கு வாங்குவார்கள். ரேஸர்பேக்குத் தொகை பைசாவில் போக வேண்டும்: 450 ரூபாய்க்கு 45000. பணம் வந்த பிறகு ரேஸர்பே அனுப்பும் சிக்னேச்சரைச் சர்வரில் சரிபாருங்கள். ரேஸர்பே கொடுத்த சீக்ரெட் கீயை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் இன்றே மாற்றுங்கள். கோட் சேமித்து வைக்கும் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு வரியை அழித்தால் போதாது, பழைய பதிவுகளில் அது இருந்துகொண்டே இருக்கும்.

சிஎஸ்எஸ்ஸில் பொசிஷன் ஸ்டிக்கி கொடுத்தும், பக்கத்தை நகர்த்தினால் மெனு மேலே நிற்கவில்லை.

டாப் மதிப்பு கொடுத்தீர்களா? கொடுத்தும் நிற்கவில்லை என்றால், மெனுவைச் சுற்றியிருக்கும் டிவ் எதிலோ ஓவர்ஃப்ளோ ஹிடன் இருக்கும். அதை எடுங்கள்.