வெறும் வயித்துல ஜிம்முக்குப் போலாமா? - உங்க கேள்வி, நம்ம பதில்

போன மாசம் ஃபாஸ்டிங் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த லெட்டரும் மெயிலும் படிச்சு முடிக்கவே ஒரு வாரம் ஆச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்விதான், சாப்பிடாம இருக்கிற நேரத்துல எக்ஸர்சைஸ் பண்ணலாமா வேணாமான்னு. அதனால இந்த மாசம் முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன். தைராய்டு, முட்டி வலி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் வரேன்.

மேடம், எனக்கு 34 வயசு, 78 கிலோ, சென்னை ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை. நாலு மாசமா 16:8 ஃபாஸ்டிங், அதாவது 16 மணி நேரம் சாப்பிடாம இருந்து, மிச்ச 8 மணி நேரத்துக்குள்ள சாப்பாடு. ராத்திரி 9 மணிக்கு கடைசி சாப்பாடு, அடுத்தது மறுநாள் மதியம் 1 மணிக்குதான். காலைல 6 மணிக்கு ஜிம். வெறும் வயித்துல பண்ணாதான் கொழுப்பு கரையும்னு மாஸ்டர் சொல்றார். 7 கிலோ குறைஞ்சிருக்கேன், ஆனா லெக் டே, அதான் காலுக்கு எக்ஸர்சைஸ் பண்ற நாள் அன்னைக்கு கண்ணு இருட்டிட்டு வருது, கை ரெண்டும் குச்சி மாதிரி ஆயிடுச்சுன்னு வீட்ல கிண்டல் பண்றாங்க. என்ன தப்பு பண்றேன்? - வாசகர், துரைப்பாக்கம்

தம்பி, முதல்ல மாஸ்டர் சொன்னதுல பாதி சரி. வெறும் வயித்துல நடந்தாலோ ஓடினாலோ அந்த ஒரு மணி நேரத்துக்கு உடம்பு கொழுப்பை கொஞ்சம் ஜாஸ்தியா எரிக்கும், அது உண்மை. ஆனா அதுக்கப்புறம் நாள் முழுக்க இருக்கே, அதுல உடம்பு கணக்கை சரி பண்ணிடும். 2014ல 20 இளம் பெண்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, பாதி பேர் சாப்பிட்டுட்டு, பாதி பேர் சாப்பிடாம, வாரம் மூணு நாள் ஒரு மணி நேரம் கார்டியோ (நடை, ஓட்டம் மாதிரி எக்ஸர்சைஸ்), ரெண்டு குரூப்புக்கும் ஒரே மாதிரி கலோரி குறைச்ச டயட், நாலு வாரம் கழிச்சு பார்த்தா ரெண்டு பக்கமும் எடை குறைஞ்சிருக்கு, வித்தியாசம்னு சொல்ற மாதிரி எதுவும் இல்ல. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா நாலு மாசமா கண்ணு இருட்ட இருட்ட ஸ்குவாட் போட்டுட்டு இருக்கிற உங்களுக்கு இது போதும்னு நினைக்கிறேன்.

இப்ப கண்ணு இருட்டுறதுக்கு வரேன். கல்லீரல்ல சர்க்கரை ஸ்டாக் ஒரு 100 கிராம் சுமாருக்கு இருக்கும், ராத்திரி தூங்கும்போதே அதுல நல்ல பங்கு கரைஞ்சிடும். தசைக்குள்ள 300, 400 கிராம் தனியா இருக்கு, அது ராவோட ராவா காலி ஆகாது, அதனாலதான் உங்களால காலைல வெயிட் தூக்கவே முடியுது. என் சந்தேகம் சர்க்கரை மேல கம்மி, தண்ணி மேலயும் உப்பு மேலயும்தான் ஜாஸ்தி. ராத்திரி 9 மணிக்கு அப்புறம் எவ்வளவு தண்ணி குடிச்சீங்க? நம்ம ஊர் புழுக்கத்துல ஃபேன் போட்டு தூங்கினாலே பனியன் நனையும், எழுந்ததும் நேரா போய் பாரத்தை தோள்ல வச்சு உட்கார்ந்து எழுந்தா பி.பி. சட்டுனு இறங்கி கண்ணு இருட்டத்தான் செய்யும். எழுந்த உடனே ரெண்டு டம்ளர் தண்ணி, பி.பி. தொந்தரவு இல்லன்னா அதுல ஒரு சிட்டிகை உப்பு, இதுல ஃபாஸ்டிங் உடையாது. அப்படியும் இருட்டினா விட்டுடாதீங்க, பி.பி.யும் ஹீமோகுளோபினும் பார்த்துடுங்க.

ஆனா உங்க உண்மையான பிரச்சினை கை குச்சி ஆனது. 7 மணிக்கு ஜிம் முடிச்சு 1 மணி வரைக்கும் ஒண்ணும் இல்ல, சரி, அதைக்கூட விடுங்க, 1 மணிக்கு என்ன சாப்பிடுறீங்கன்னு உங்க லெட்டர்லயே எழுதியிருக்கீங்க. சாம்பார் சாதம் உருளைக்கிழங்கு பொரியல், சாயங்காலம் டீயும் பஜ்ஜியும், ராத்திரி மூணு சப்பாத்தி குருமா. இதுல ப்ரோட்டீன் எங்க இருக்கு? கூட்டிப் பார்த்தா 50 கிராம் வர்றதே கஷ்டம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்குப்படி சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கே கிலோவுக்கு 0.83 கிராம், உங்க எடைக்கு 65 கிராம் வேணும். வெயிட் தூக்குறவருக்கு கிலோவுக்கு 1.2லருந்து 1.6 வரைக்கும், அதாவது 94லருந்து 125 கிராம். கொடுக்கலன்னா உடம்பு எங்கருந்து எடுக்கும்? உங்க கையிலருந்துதான்.

இதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. 2020ல அமெரிக்காவுல 116 பேரை வச்சு 12 வாரம் பார்த்தாங்க, ஒரு குரூப் மதியம் 12லருந்து ராத்திரி 8 வரைக்கும் மட்டும் சாப்பாடு, இன்னொண்ணு வழக்கம்போல மூணு வேளை. எடை குறைஞ்சதுல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஃபாஸ்டிங் இருந்தவங்கள்ல நேர்ல வரவச்சு ஸ்கேன் பண்ணவங்களுக்கு குறைஞ்ச எடையில கொழுப்பு கொஞ்சம்தான், கை கால் தசையும் போயிருந்துச்சு. அதே சமயம் 2016ல இத்தாலில வழக்கமா வெயிட் தூக்குற 34 ஆம்பளைங்கள வச்சு 8 வாரம் பண்ணதுல, மதியம் 1, 4, ராத்திரி 8ன்னு மூணு வேளை ப்ரோட்டீனோட நல்லா சாப்பிட்டவங்களுக்கு கொழுப்பு குறைஞ்சது, பலம் குறையல. ரெண்டும் 16:8தான் தம்பி, தட்டுல என்ன இருந்துச்சு, கூடவே வெயிட் தூக்கினாங்களாங்கறதுலதான் வித்தியாசம்.

என்ன பண்ணலாம்? ஜிம்மை சாயங்காலம் மாத்தினா நல்லது, 5 மணிக்கு ஒரு கப் சுண்டலும் வாழைப்பழமும், 6:30க்கு ஜிம், 8:30க்கு நல்ல சாப்பாடு. துரைப்பாக்கம் சிக்னல்ல சாயங்காலம் நிக்கிறதே தனி எக்ஸர்சைஸ்னு நீங்க சொல்றது எனக்கு கேக்குது. அப்ப காலைலயே இருக்கட்டும், சாப்பாட்டு நேரத்தை முன்னாடி இழுங்க, 9லருந்து 5 வரைக்கும், ஜிம் முடிச்சு குளிச்சதும் நாலு முட்டையும் ரெண்டு தோசையும். ஒரு முட்டைல 6 கிராம், இட்லில 2 கிராம்தான், அதனால இட்லியை மட்டும் நம்பாதீங்க. ராத்திரி குடும்பத்தோட சாப்பிடணுமே, 5 மணிக்கு எப்படி முடிக்கிறதுன்னா 14:10 பண்ணுங்க, 9லருந்து 7 வரைக்கும், ஒண்ணும் குடி முழுகாது. சிக்கன் சாப்பிட்டா சுலபம், சைவம்னா 100 கிராம் பனீர்ல 18 கிராம், காய்ஞ்ச சோயா 50 கிராம்ல 25 கிராம் கிடைக்கும். லெக் டேயை மட்டுமாவது ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதுக்கு அப்புறம் வச்சுக்கோங்க.

எனக்கு 52 வயசு. 9 வருஷமா சுகர், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுறேன். பொண்ணு யூட்யூப் பார்த்துட்டு என்னையும் 16:8 இருக்க சொல்லுச்சு. காலைல மாத்திரை போட்டுட்டு பார்க்ல முக்கால் மணி நேரம் வாக்கிங். போன வாரம் ரெண்டு தடவை கை நடுங்கி உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. பழகிடும்னு பொண்ணு சொல்லுது. - வாசகி, பெரம்பூர்

அக்கா, பழகாது. இது பழகுற விஷயமே இல்ல. இன்னைக்கே அந்த 16:8ஐ நிறுத்துங்க, அப்புறம் மிச்சத்தை படிங்க.

கிளிமிபிரைடு வேலையே கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிறது, நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அது பார்க்காது. சாப்பாடு இல்ல, மாத்திரை உள்ள, அதுக்கு மேல நடை வேற, நடக்கும்போது தசையும் சர்க்கரையை இழுக்கும். மூணும் சேர்ந்தா லோ சுகர்தான். உங்களுக்கு வந்த நடுக்கமும் வேர்வையும் அதுவாத்தான் இருக்கும், சுகர் மீட்டர்ல 70க்கு கீழ காட்டினா சந்தேகமே வேணாம். மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இந்த பயம் ரொம்ப கம்மி, இன்சுலின் போடுறவங்களுக்கு ஜாஸ்தி. டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு வேற பிரச்சினை, ரொம்ப நேரம் சாப்பிடாம கிடந்தா சுகர் ஏறாமலே ரத்தத்துல கீட்டோன் அமிலம் ஏறலாம், வாந்தி மூச்சிரைப்புன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் போகும்.

எங்கப்பா ஒரு நாள் நாகேஸ்வரராவ் பார்க்ல இப்படித்தான் பெஞ்சுல சாஞ்சுட்டார். கூட நடக்கிறவர் வேட்டி மடிப்புலருந்து குளுக்கோஸ் பொட்டலம் எடுத்து கொடுத்ததால ஆச்சு, வீட்ல இருந்த எங்களுக்கு விஷயமே ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும், அவர் சொல்லவே இல்ல. அதனால நீங்களும் இனிமே நடக்கப் போகும்போது சர்க்கரை கொண்டு போங்க. நடுங்குச்சுன்னா உட்காருங்க, மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணில கலந்து குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு மீட்டர்ல பாருங்க, ஏறலன்னா திரும்ப ஒரு தடவை. சாக்லேட், க்ரீம் பிஸ்கட் வேணாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாத்தான் ஏற விடும்.

டாக்டர்கிட்ட இந்த ரெண்டு நாள் நடந்ததை அப்படியே சொல்லுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். சர்வேல நம்ம நாட்டு பெரியவங்கள்ல 100க்கு 11 பேருக்கு மேல சுகர்னு சொல்லுச்சு, அத்தனை பேர் வீட்டுலயும் இப்படி யூட்யூப் பார்க்கிற பொண்ணோ பையனோ இருப்பாங்க, அதான் எனக்கு பயம். ராத்திரி 7:30க்கு சாப்பிட்டு காலைல 7:30க்கு டிபன், 12 மணி நேரம், இதுவே உங்களுக்கு போதுமா இருக்கலாம், அதையும் டாக்டர் சரின்னு சொன்ன அப்புறம். நடையை வெறும் வயித்துல வைக்காம ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட அப்புறம் 15 நிமிஷம் மொட்டை மாடிலயோ தெருவுலயோ நடங்க, சாப்பாட்டுக்கு பின்னாடி ஏறுற சுகரை அது நல்லாவே பிடிக்கும். பொண்ணு மேல கோவப்படாதீங்க, நல்லதுக்குதான் சொல்லுச்சு.

16 மணி நேரம் தாண்டினா செல்லு தன்னைத்தானே க்ளீன் பண்ணிக்குமாமே, அப்ப எக்ஸர்சைஸ் வேற பண்ணா டபுளா? - வாசகர், கொளத்தூர்

ஆட்டோஃபேஜியை சொல்றீங்க. செல்லு தன்னோட பழைய பாகங்களை உடைச்சு திரும்ப உபயோகிக்கிற ஏற்பாடு அது. அது எப்படி நடக்குதுன்னு ஈஸ்ட்ல கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016ல நோபல் கொடுத்தாங்க. ஈஸ்ட்லன்னு சொன்னதை கவனிச்சீங்களா, பேக்கரில ரொட்டி மாவை பொங்க வைக்குதே அந்த ஜாதி. மனுஷனுக்கு சரியா 16வது மணி நேரத்துல ஸ்விட்ச் போட்ட மாதிரி ஆரம்பிக்கும்னு யாராவது சொன்னா, அவங்க எதையோ விக்கிறாங்கன்னு அர்த்தம். எக்ஸர்சைஸும் அதை தூண்டும்னு சொல்றாங்க, நல்லது, ஆனா டபுள் டிரிபிள்னு நம்மகிட்ட மீட்டர் எதுவும் இல்ல.

காலைல ஃபில்டர் காபி இல்லாம என்னால எந்திரிக்கவே முடியாது. அது ஃபாஸ்டிங்கை உடைக்குமா? - வாசகி, மயிலாப்பூர்

உடைக்கும். பாலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் கிட்டத்தட்ட 100 கலோரி. டிகாக்‌ஷனை வெந்நீர்ல விட்டு குடிச்சா உடையாது, குடிச்சுப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க. எனக்கு ஒத்து வரல, நான் காபி டைம்லருந்துதான் என் சாப்பாட்டு நேரத்தையே ஆரம்பிக்கிறேன், ராத்திரி சீக்கிரம் முடிச்சுடுறேன். வாக்கிங்குக்கு முன்னாடி அந்த அரை டம்ளர் காபி குடிச்சதால உங்க எடை குறையாம நிக்காது.

ரமலான் நோன்புல ஜிம்மை விட மனசு வரல. தண்ணியும் கிடையாதே, எப்ப பண்றது? - வாசகர், திருவல்லிக்கேணி

பாய், மத்தவங்க ஃபாஸ்டிங்குக்கும் உங்க நோன்புக்கும் இருக்கிற பெரிய வித்தியாசத்தை நீங்களே சொல்லிட்டீங்க, தண்ணி. அதனால சஹருக்கு (விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுற சாப்பாடு) அப்புறம் காலைல ஓடுறது வேணவே வேணாம், நாள் முழுக்க தாகத்தோட இருக்கணும். லேசான நடைன்னா நோன்பு திறக்கிறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி, பீச் பக்கமா போயிட்டு வந்தா பாங்கு சொல்ற நேரத்துக்கு தண்ணி கையில இருக்கும். வெயிட் தூக்குறது தராவீஹ் (ராத்திரி தொழுகை) முடிஞ்ச அப்புறம், அதுவும் வழக்கமா தூக்குறதுல பாதி, முக்கால்வாசி. இந்த மாசம் தசையை காப்பாத்திக்கிட்டா போதும், ஏத்த வேணாம். நோன்புக் கஞ்சி பிரமாதமான ஏற்பாடு, தண்ணி, உப்பு, அரிசி, பருப்பு எல்லாம் ஒரே கிண்ணத்துல, அதை ரெண்டு கிண்ணமா குடிச்சுட்டு சமோசாவை ஒண்ணோட நிறுத்துங்க. மத்த வாசகர்கள் யாரும் இதைப் படிச்சுட்டு தண்ணி குடிக்காம ஃபாஸ்டிங் இருக்க கிளம்பாதீங்க.

நைட் ஷிஃப்ட், சிறுசேரி. சாயங்காலம் 6 மணிக்கு கிளம்பி காலைல 5 மணிக்கு வரேன். எனக்கு எது காலை எது ராத்திரின்னே தெரியல.

எழுந்துக்கிறது உங்களுக்கு காலை. மதியம் 1 மணிக்கு எழுந்தா 2 மணிக்கு சாப்பாடு, 4 மணிக்கு எக்ஸர்சைஸ், 5 மணிக்கு இன்னொரு தடவை சாப்பாடு, ராத்திரி 10 மணிக்கு கேன்டீன்ல கடைசி. அதுக்கப்புறம் விடிகாலை கேப்ல ஏறுற வரைக்கும் தண்ணி, சர்க்கரை இல்லாத டீ. விடிகாலை 4 மணி பரோட்டாவை மட்டும் விட்டாலே பாதி வேலை முடிஞ்சது. வீட்டுக்கு வந்ததும் ஜிம்முக்கு ஓடாதீங்க, தூங்குங்க.

குழந்தைக்கு ஆறு மாசம், தாய்ப்பால் கொடுக்கிறேன். 18:6 இருந்து, வீட்லயே எக்ஸர்சைஸும் பண்ணி பழைய எடைக்கு வரலாமா? - வாசகி, மடிப்பாக்கம்

எக்ஸர்சைஸ் பண்ணுங்கம்மா, டாக்டர் ஓகே சொல்லியிருந்தா தாராளமா. ஃபாஸ்டிங் இப்ப வேணாம், பால் கொடுத்து முடிச்ச அப்புறம் பேசலாம். கர்ப்பமா இருக்கிறவங்க, 18 வயசுக்கு கீழ உள்ள பசங்க, முன்னாடி சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கி உடம்பு கெட்டுப் போனவங்க, இவங்களுக்கும் இதே பதில்தான்.

கத்திரி வெயில்ல ஃபாஸ்டிங்கோட கிரிக்கெட் ஆடுறேன், ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரை கரைசல்) குடிச்சா ஃபாஸ்டிங் போச்சா? - வாசகர், வியாசர்பாடி

போச்சு, ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ல 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கு. போகட்டுமே தம்பி. மே மாசம் மதியம் கிரவுண்டுல நின்னுட்டு வாந்தி வர மாதிரி, தலை வலிக்கிற மாதிரி இருந்தா நிழலுக்கு வந்து முதல்ல அதை குடிங்க. முடிஞ்சா மேட்சை காலைல 7 மணிக்கு மாத்துங்க, உங்க டீம்ல யாரும் எந்திரிக்க மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் கேட்டுப் பாருங்க.