எல்லாவற்றுக்கும் 80 சதவீதமா? சர்வர் அலர்ட் வரம்புகளை எங்கே வைப்பது

கேள்வி: எங்களிடம் 12 லினக்ஸ் சர்வர்கள். ப்ரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் 80 சதவீதத்தில் அலர்ட் வைத்திருக்கிறோம். இரவு பேக்கப் ஓடும்போதெல்லாம் போன் விடாமல் அடிக்கிறது. போஸ்ட்கிரெஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்ற அன்றும் அலர்ட் வந்தது. வழக்கமான கூச்சல் என்று விட்டுவிட்டோம். வரம்பை எங்கே வைக்கலாம்?

பதில்: முதலில் அலர்ட்டை இரண்டாகப் பிரியுங்கள். இப்போதே கை வைக்காவிட்டால் பயனர் பாதிக்கப்படுவார் என்றால் மட்டும் போன் அடிக்கட்டும். மற்றதெல்லாம் காலையில் பார்க்கும் டிக்கெட்.

டிஸ்க்கில் சதவீதம் ஏமாற்றும். 100 ஜிபி டிஸ்க்கில் 80 சதவீதம் என்றால் மிச்சம் 20 ஜிபி. மணிக்கு 2 ஜிபி வளர்ந்தால் 10 மணி நேரத்தில் காலி. 4 டிபி டிஸ்க்கில் அதே 80 சதவீதத்தில் 800 ஜிபி மிச்சம். அதே வேகத்தில் 16 நாளுக்கு மேல் தாங்கும். ஆகவே நிரம்ப எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு அலர்ட் வையுங்கள். ப்ரோமிதியஸின் ப்ரெடிக்ட்_லீனியர் ஃபங்ஷன் கடந்த 6 மணி நேரப் போக்கை வைத்து அதைக் கணக்கிடும்: 4 மணி நேரத்துக்குள் பூஜ்யத்தைத் தொடும் என்றால் போன், 3 நாளுக்குள் என்றால் டிக்கெட். ஆனால் பேக்கப் ஒரு மணி நேரம் தற்காலிகக் கோப்பு எழுதினாலே கோடு செங்குத்தாகி, பொய் அலர்ட் வரும். 'காலியிடம் 15 சதவீதத்துக்குக் கீழ்' என்ற நிபந்தனையையும் சேர்த்து, இரண்டும் 15 நிமிடம் நீடித்தால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

எந்த அளவீட்டை எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) ஒதுக்கிவைக்கும். சர்வரின் அளவீடுகளை ப்ரோமிதியஸுக்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரின் 'ஃப்ரீ' எண் அதையும் சேர்த்துச் சொல்வதால், அப்ளிகேஷனால் ஒரு பைட்கூட எழுத முடியாத நிலையிலும் இடம் இருப்பதாகக் காட்டும். 'அவெயில்' எண்ணையே எடுங்கள். ஐநோடுக்கும் (ஒவ்வொரு கோப்புக்கும் ஃபைல் சிஸ்டம் வைக்கும் பதிவு) தனி அலர்ட் தேவை. குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேரும் மெயில், செஷன் டைரக்டரிகளில் இடம் இருக்கும்போதே ஐநோடு தீர்ந்துபோகும்.

போஸ்ட்கிரெஸில் டிஸ்க் திடீரென்று நிரம்ப அடிக்கடி காரணமாவது, கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வரான ரெப்ளிகா எதுவரை படித்தது என்ற குறிப்பு). ரெப்ளிகா நின்றுபோனாலும் ஸ்லாட் இருக்கும்வரை டபிள்யூஏஎல் கோப்புகள் (மாற்றங்களின் பதிவேடு) அழியாது. அவை இருக்கும் பகிர்வு (டிஸ்க் பார்ட்டிஷன்) நிரம்பினால் சர்வரே நின்றுவிடும். ஸ்லாட் பிடித்துவைத்திருக்கும் அளவு அந்தப் பகிர்வில் கால்வாசியைத் தாண்டினால் அலர்ட் வையுங்கள். பதிப்பு 13 முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பைக் கொண்டு உச்சவரம்பு போடலாம். அதைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போய், ரெப்ளிகாவை மறுபடி கட்ட வேண்டிவரலாம். டேட்டாபேஸ் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மெமரியில் 'பயன்பாடு' எண்ணை விட்டுவிடுங்கள். காலியாக இருக்கும் மெமரியை லினக்ஸ் பேஜ் கேஷுக்கு (டிஸ்க்கில் படித்ததை நினைவில் வைக்க) எடுத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை. மெம்அவெயிலபிள் (உண்மையில் கொடுக்கக்கூடிய மெமரி) 10 சதவீதத்துக்குக் கீழே 10 நிமிடம் இருந்தால் டிக்கெட். அதோடு விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (டிஸ்க்கிலுள்ள ஸ்வாப்பிலிருந்து மெமரிக்கு வருவது, மெமரியிலிருந்து அங்கே போவது) இரண்டும் தொடர்ந்து ஓடினால் போன். ஸ்வாப்பில் பழைய பக்கங்கள் சும்மா கிடப்பதற்கு அலர்ட் வேண்டாம்.

சிபியு 95 சதவீதம் ஓடுகிறது என்பதற்காக யாரையும் எழுப்பாதீர்கள். பேக்கப் சுருக்கும்போது அப்படித்தான் ஓடும். வெப் சர்வரில் பயனருக்குப் பதில் போகும் நேரத்தை அளந்து, அதன் 99-ஆம் சதமானத்துக்கு (நூற்றில் 99 கோரிக்கைகள் இதற்குள் முடியும் என்ற நேரம்) போன் அலர்ட் வையுங்கள். சிபியு எண் காரணம் தேடும்போது உதவட்டும். லோட் ஆவரேஜையும் (ஓடும், ஓடக் காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி) சிபியு என்று படிக்கக்கூடாது. டிஸ்க்குக்கோ என்எஃப்எஸ்ஸுக்கோ (நெட்வொர்க் வழி ஸ்டோரேஜ்) காத்துக்கிடக்கும் ப்ராசஸ்களும் அதில் சேரும். 8 கோர் மெஷினில் லோட் 40, சிபியு பெரும்பாலும் சும்மா என்றால் ஸ்டோரேஜைப் பாருங்கள். கர்னல் 4.20 முதல் உள்ள பிஎஸ்ஐ அளவீடு (சிபியு, மெமரி, டிஸ்க் ஒவ்வொன்றுக்காகவும் காத்திருந்த நேரம்) இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். சில டிஸ்ட்ரோக்களில் அதை பூட் செய்யும்போது இயக்கிவிட வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் ஸ்டீல் (ஹோஸ்ட் சிபியு தராததால் காத்திருந்த நேரம்) 10 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் ஹோஸ்ட் தரப்பில் கேளுங்கள்.

எண்களை உங்கள் டேட்டாவிலிருந்தே எடுங்கள். மாதக் கடைசி வேலைகளும் உள்ளே வரும்படி ஐந்து வாரம் பார்த்து, வழக்கமான உச்சத்துக்குச் சற்று மேலே வையுங்கள். எல்லையிலேயே எண் ஆடினால் அலர்ட் வந்து வந்து போகும். நிபந்தனை நீங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அலர்ட்டை நிறுத்திவைக்கும் கீப்_ஃபயரிங்_ஃபார் கொடுத்தால் அது அடங்கும்.

டேட்டாவே வராமல் போவதற்கும் போன் அலர்ட் கட்டாயம். எக்ஸ்போர்ட்டர் செத்துப்போனால் மேலே சொன்ன எந்த விதியும் அடிக்காது. கடைசியாக, தனிப் பகிர்வில் ஃபால்லொகேட் கட்டளையால் பெரிய கோப்பு ஒன்றை உருவாக்கி, அலர்ட் உண்மையிலேயே போன்வரை வருகிறதா என்று பகலிலேயே சோதித்துவிடுங்கள்.