டயட்டும் மனசும்: கேட்டவர்களுக்குப் பதில்

மதுரையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். தொடர்ந்து டயட் இருப்பவர்களின் மனநிலை பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவை இவை.

வில்லாபுரம்: மேடம், மூணு மாசமா ராத்திரிக்கு இரண்டு சப்பாத்திதான். தூங்கப் போகும்போது கறிதோசை வீடியோவாகப் பார்க்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?

பசி, வேறொன்றுமில்லை. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வில், நல்ல ஆரோக்கியமான 36 ஆண்கள் தாங்களே முன்வந்து ஆறு மாதம் அரை வயிறாக இருந்தார்கள். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. சமையல் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். பேச்செல்லாம் சாப்பாடு. தட்டை நக்கினார்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். கையில் கொடுக்கும் பல டயட் சார்ட்டில் 1,200தான் இருக்கிறது. ராத்திரி ஒரு கிண்ணம் பருப்போ இரண்டு முட்டையோ சேர்த்துப் பாருங்கள்.

கே.புதூர்: கீட்டோவா, பேலியோவா?

இரண்டும் மாவுச்சத்தைக் குறைக்கும் டயட்கள், இன்றைய தலைப்பு அதுவல்ல. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையும் விடாதீர்கள்.

திருமங்கலம்: மனைவி டயட் ஆரம்பித்ததிலிருந்து எதுக்கெடுத்தாலும் சண்டை.

சண்டை எத்தனை மணிக்கு வருகிறது என்று கவனியுங்கள் சார். பரோட்டா பொட்டலத்தை அவர் எதிரில் பிரிக்காதீர்கள்.

திருப்பரங்குன்றம்: கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறோம், எரிச்சலே வரலையே?

காப்புக் கட்டும்போதே முடியும் நாள் தெரியும், பக்கத்தில் இருப்பவரும் விரதம், யாரும் எடை பார்ப்பதில்லை. டயட்டுக்கு சூரசம்ஹாரம் என்றைக்கு?

அவரே மறுபடியும்: அப்போ எல்லாம் மனசுதானே?

பாதிதான். மினசோட்டாக்காரர்களுக்கும் முடியும் தேதி தெரியும், அப்படியும் வாடினார்கள். ஆறு நாள் வேறு, ஆறு மாதம் வேறு.

மேலூர்: குறுக்கே வர்றேன். எங்க அப்பத்தா வெள்ளிக்கிழமை ஒருவேளைதான், கோபமே வராது.

சனிக்கிழமை வயிறாரச் சாப்பிடுவாரா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

அண்ணா நகர்: மகள் ப்ளஸ் ஒன். கல்யாண வீட்டில் ‘குண்டாயிட்டியே’ என்றார்கள். இப்போ பந்தியில் உட்கார மாட்டேங்கிறாள், இட்லியை எண்ணிச் சாப்பிடுகிறாள்.

இதுதான் எனக்குப் பயம். எடைப் பேச்சை வீட்டில் இன்றே நிறுத்துங்கள். டாக்டரிடம் சீக்கிரம் காட்டிவிடுங்கள். மாதவிடாய் நின்றாலோ, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மனநல ஆலோசகரும் தேவைப்படலாம். அந்த உறவினர்களிடம் நீங்களே பேசுங்கள், பிள்ளையைப் பேச விடாதீர்கள்.

தல்லாகுளம்: கீட்டோவில் ஜிகர்தண்டா குடிக்கலாமா?

மறுபடியும் கீட்டோ! மேலே கே.புதூருக்குச் சொன்னதைப் படியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள்.