மாற்றி மாற்றி வைத்த நகையும் கொட்டகையில் நிற்கும் காரும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. 2010 மாடல் மிட்சுபிஷி சீடியா கார் ஒன்றைக் கோயம்புத்தூரில் பழையதாக வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நானே ஸ்போர்ட்ஸ் காராக மாற்றி வலுப்படுத்தி வருகிறேன். இதற்காக 2021 ஆடியில் மனைவியின் 16 பவுன் நகையை 3 லட்சத்துக்கு வைத்தேன். ஆண்டுதோறும் மாற்றி வைத்ததில் கடன் இப்போது 8.5 லட்சம். ஆனால் வட்டி என்று என் சம்பளத்திலிருந்து இதுவரை ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. தை மாதம் கொழுந்தியாள் கல்யாணம் வருவதால் மாமியார் வீட்டில் நகையைப் பற்றிக் கேட்கிறார்கள். மனைவிக்கு 3 லட்சம் என்றுதான் தெரியும். செல்போன் செயலியில் தனிநபர் கடன் எடுத்து நகையைத் திருப்பிவிடலாம், மியூச்சுவல் ஃபண்டை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று மச்சினன் சொல்கிறார். இன்னும் ஒன்றரை லட்சம் போட்டால் கார் முடிந்துவிடும். முடித்து விற்றால் 9 லட்சம் கிடைக்கும் என்பது என் கணக்கு. எது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வள்ளியூர்

பதில்: கடிதத்துடன் ஐந்து அடகுச் சீட்டுகளின் படங்களையும், கொட்டகையில் கார் நிற்கும் படம் ஒன்றையும், வரவு செலவு எழுதிய நோட்டுப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். நகைக்கடன் என்றால் என்ன, வட்டி எப்படி ஏறும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து முறை கையெழுத்துப் போட்டவர் நீங்கள். ஆனால் அந்த ஐந்து சீட்டுகளையும் வரிசையாக வைத்து ஒரு தாளில் நீங்கள் கூட்டிப் பார்த்ததில்லை என்பது, "ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை" என்ற அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. உங்களுக்காக நான் கூட்டிப் பார்த்தேன்.

ஐந்து சீட்டிலும் எடை 128 கிராம்தான். மாறியிருப்பது தொகை மட்டும். 2021-இல் 3 லட்சம். ஓராண்டில் 11 விழுக்காட்டில் 33,000 வட்டி சேர்ந்தது; 2022-இல் அதே நகையை 3.8 லட்சத்துக்கு மாற்றி வைத்து, வட்டி போக 47,000 ரூபாயைக் கையில் வாங்கினீர்கள். 2023-இல் 5 லட்சம்: வட்டி 41,800 போகக் கைக்கு 78,200. 2024-இல் 6.1 லட்சம்: வட்டி 55,000, கைக்கும் 55,000. 2025 ஆடியில் 8.5 லட்சம்: வட்டி 67,100 போகக் கைக்கு 1,72,900. ஆக, ஐந்து தடவையும் சேர்த்து உங்கள் கைக்கு வந்தது சுமார் 6.53 லட்சம், நீங்கள் கடன்பட்டிருப்பது 8.5 லட்சம். இடையில் இருக்கும் 1.97 லட்சமும் வட்டி. சட்டைப் பையிலிருந்து கட்டவில்லை என்பது உண்மைதான். உங்கள் மனைவியின் கழுத்திலிருந்து கட்டியிருக்கிறீர்கள்.

என் கண்ணில் உறுத்துவது காரைவிட இந்த மாற்றி வைக்கும் பழக்கம்தான். தங்கம் விலை ஏறும்போது நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வருகிறது, வீட்டில் இருக்கும் நகையின் மதிப்பு ஏறிவிட்டது என்று. உங்கள் வீட்டில் மட்டும் அந்த ஏற்றம் ஒவ்வோர் ஆடியிலும் கடனாக மாறிக் கொட்டகைக்குள் போய்விடுகிறது. நான்கு ஆண்டுகளில் தங்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியும், அந்த ஏற்றத்தில் உங்கள் குடும்பத்துக்கென்று மிஞ்சியது மிகக் குறைவு. இன்னொன்றையும் கவனியுங்கள்: வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய நாளில், காலையில் நண்பரிடம் கைமாற்று வாங்கிக் கடனை அடைத்து, சாயங்காலம் அதே நகையை மறுபடி வைத்து அவருக்குத் திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பருக்கு ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் கொடுப்பதை நீங்கள் வட்டிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

தங்கம் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. 2013 ஏப்ரலில் சில நாள்களுக்குள் விலை மளமளவென்று இறங்கி, அதன் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் எழும்பாமல் கிடந்ததையும், ஏல நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களையும் பார்த்தவன் என்ற முறையில், ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வரும் ஆடியில் விலை இறங்க வேண்டாம், இதே இடத்தில் நின்றாலே போதும். அப்போது சேர்ந்திருக்கும் வட்டி 93,500 ரூபாயை எங்கிருந்து கட்டுவீர்கள்? அதுமட்டுமன்று. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் ரிசர்வ் வங்கி விதிகளின்படி, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் இத்தகைய கடனைப் புதுப்பிக்க முடியும். 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு நகை மதிப்பில் 75 விழுக்காடுதான் உச்ச வரம்பு. கெடு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனாக இருந்தால், அந்த 75-க்குள் ஓராண்டு வட்டியும் அடங்கியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் பழைய வழி இனி பழையபடி ஓடாது.

இப்போது காருக்கு வருகிறேன். எனக்கு இயந்திரம் தெரியாது என்பதால், பேட்டை தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் உங்கள் செலவுப் பட்டியலைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாமல் வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் அதைச் சேர்த்தால் உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் எரிபொருள் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டாமல் இருக்கப் பிஸ்டனை மாற்ற வேண்டும். விசை கூடினால் கிளட்ச் வழுக்கும். கிளட்சைக் கெட்டிப்படுத்தினால் பாரம் கியர் பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் போகும். வேகம் கூடினால் பிரேக் போதாது. சூடு கூடினால் ரேடியேட்டர் போதாது. தனிச் சேஸிஸ் இல்லாமல் பாடியே சட்டமாக இருக்கும் காரில், மெல்லிய தகட்டின்மேல் ரோல் கேஜை, அதாவது கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் பைப்புக் கூண்டை, அப்படியே பற்றவைத்தால் பிடிக்காது, அடியில் தட்டு வைத்துப் பரப்ப வேண்டும், பைப்பும் நீளவாக்கில் பற்றவைத்த தையல் இல்லாத பைப்பாக இருக்க வேண்டும் என்றார். ஒன்றை வலுப்படுத்தும்போது அடுத்தது எது பலவீனம் என்று தெரியவருகிறது. அதனால்தான் "இன்னும் ஒன்றரை லட்சம்" என்பதை 2022-லும் எழுதி வைத்திருக்கிறீர்கள், 2024-லும் எழுதி வைத்திருக்கிறீர்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நீங்களேதான் படமெடுத்து அனுப்பினீர்கள்.

முடித்து விற்றால் 9 லட்சம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாற்றியமைத்த காரை வாங்க வருகிறவர் உங்கள் உழைப்புக்கும் பாகங்களுக்கும் விலை போடுவதில்லை. பழைய காருக்கு விலை போட்டுவிட்டு, மாற்றங்களைக் காட்டி அதிலும் குறைப்பார். அதற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். உங்கள் காருக்கு 15 ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டிய நேரமும் இதுவே. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தில் ஆசை இருந்தால், மாற்றாத காரோடு ஆண்டுக்கு ஒரு நாள் கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் காரி பந்தயத் தளத்துக்குக் கட்டணம் கட்டிப் போய்வரலாம். அங்கேயும் சாதாரணக் காப்பீடு பந்தயத்துக்குச் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படத்தில் கார் ஹாலோ பிளாக் கற்களின்மேல் நிற்கிறது. பாரத்தில் அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், அடியில் படுத்து வேலை செய்கிறவர் நீங்கள். கொட்டகைக்கு இனி ஒரு காசும் செலவழிக்காதீர்கள் என்று சொல்லப்போகிற நான், நல்ல ஜாக் ஸ்டாண்டு நான்கு வாங்க மட்டும் தடை சொல்லவில்லை.

மச்சினனின் யோசனையைப் பார்ப்போம். செயலியில் 16 விழுக்காட்டுக்கு 8.5 லட்சம் எடுத்தால், ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 20,670 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 12.4 லட்சம். பிணையுள்ள 11 விழுக்காட்டுக் கடனை அடைக்கப் பிணையில்லாத 16 விழுக்காட்டுக் கடன் வாங்குவதை யோசனை என்று நான் சொல்லத் தயங்குகிறேன். இரண்டே நிமிடத்தில் பணம் என்று விளம்பரம் வருகிறது. இரண்டு நிமிடத்தில் கிடைக்கிற பணத்துக்கு ஐந்து ஆண்டு பதில் சொல்ல வேண்டியிருப்பதை அந்த விளம்பரத்தில் யாரும் பேசுவதில்லை. 11-க்குக் கடனை வைத்துக்கொண்டு ஃபண்டில் 15 சம்பாதிக்கலாம் என்பதும் இப்போது எல்லோர் வாயிலும் வருகிற பேச்சு. கட்ட வேண்டிய 11 நிச்சயம். வர வேண்டிய 15-க்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

நான் சொல்வது இதுதான். இன்னும் பொருத்தாத பாகங்கள் என்று நீங்கள் எழுதியிருப்பவை டர்போ, பிஸ்டன், சஸ்பென்ஷன் என 2.4 லட்சத்துக்கு வாங்கியவை. அவசரப்படாமல் விற்றால் 1.4 லட்சம் தேறலாம். குழந்தையின் பெயரில் 6.5 விழுக்காட்டில் கிடக்கும் வைப்பு 1.2 லட்சத்தை எடுங்கள்; 11 கட்டிக்கொண்டே 6.5 வாங்குவதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை. ஃபண்டில் சேர்ந்திருக்கும் 1.1 லட்சத்தையும் எடுத்துவிட்டு, மாதம் 5,000 கட்டுவதை நிறுத்துங்கள். மூன்றும் சேர்ந்து 3.7 லட்சம், கடன் 4.8 லட்சமாக இறங்கும். கொட்டகைக்குப் போகும் மாதம் 12,000-ஐயும் ஃபண்டின் 5,000-ஐயும் சேர்த்து 17,000 ரூபாயை மாதாமாதம் அசலிலும் வட்டியிலும் கட்டி வாருங்கள்; எட்டு மாதத்தில் கிரெடிட் கார்டு தவணை 6,400 முடிந்ததும் அதையும் இதோடு சேருங்கள். என் உத்தேசக் கணக்கில், இரண்டு ஆண்டும் ஒன்றிரண்டு மாதமும் ஆனால் கடன் முடிந்துவிடும்.

நகை முழுவதையும் விற்றுக் கடனை அடைத்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். விலை நன்றாக இருக்கும் நேரம்தான். ஆனால் அது உங்கள் மனைவியின் நகை. அந்த யோசனையைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு, உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே கல்யாணத்துக்கு முன் முதலில் நடக்க வேண்டிய காரியம், ஐந்து சீட்டையும் அவர் முன்னால் வைப்பது. 3 லட்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவரிடம் 8.5 லட்சம் என்று சொல்வது எளிதன்று என்பது தெரியும். மாமியார் வீட்டில் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் அவருக்கு அது தெரியவருவதைவிட, இன்றிரவே உங்கள் வாயால் தெரிவது மேல்.

தைக்கு முன் 3.7 லட்சத்தைக் கட்டும்போது, மீதியை அப்படியே ஒரே சீட்டாக விட்டுவிடாதீர்கள். இன்றைய விலையில் 4.8 லட்சத்துக்கும் அதன் ஓராண்டு வட்டிக்கும் பத்து பவுன் போதும் என்பதால், ஆறு பவுன் வெளியே வரும். கல்யாணத்துக்குப் போட ஆரமும் இரண்டு வளையலும் அதில் அடங்குமா என்று சீட்டில் உள்ள எடையைப் பார்த்து மனைவியே தேர்ந்தெடுக்கட்டும். மீதிப் பத்து பவுனை இரண்டு இரண்டு பவுனாக ஐந்து சீட்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கட்டக் கட்ட ஒவ்வொன்றாகத் திருப்பலாம். முழுத் தொகையும் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரித்து வைக்கும் நாளில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், சீட்டு அவர் கையில் இருக்கட்டும்.

டர்போ இன்னும் தெர்மாகோல் பெட்டிக்குள்ளேயே, அரிசி டிரம்மின்மேல் இருப்பது படத்தின் ஓரத்தில் தெரிகிறது. பிரிக்காத பெட்டிக்கும் பில்லுக்கும் தனி மதிப்பு உண்டு. பில் தொலைந்திருந்தால், விற்க விளம்பரம் போடும் முன் வாங்கின இடத்தில் நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.