டி.பி.எஸ். ஆபரேஷன்: மூளைக்குள் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. ஆபரேஷன் அன்று காலையில் மறுபடியும் சி.டி. எடுக்கணும் என்கிறார்கள். எதற்கு?

டி.பி.எஸ். என்பது மூளையின் ஆழத்தில் மின்கம்பி பதித்து, லேசான மின்சாரம் கொடுத்து நடுக்கம், விறைப்பு போன்றவற்றைக் குறைக்கும் சிகிச்சை. எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டுக்கும் வேலை வேறு. மின்கம்பி போய்ச் சேர வேண்டிய ‘சப்தலாமிக் நியூக்ளியஸ்’ என்ற நரம்பணுக் கூட்டம் ஒரு பட்டாணி அளவுதான். அதில் இரும்புச்சத்து அதிகம் என்பதால் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத் தெரியும். பக்கத்திலேயே வட்டமாக ‘ரெட் நியூக்ளியஸ்’ இருக்கும். அதன் முன் விளிம்பை வைத்து இடத்தை உறுதிப்படுத்துவோம். ஆனால் எம்.ஆர்.ஐ. படம் ஓரங்களில் லேசாக வளையும், சி.டி. வளையாது. அதனால் காலையில் தலையில் உலோகச் சட்டத்தை மாட்டி சி.டி. எடுத்து, இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறோம். அப்போதுதான் இலக்கு அந்தச் சட்டத்தின் அளவுகோலில் எண்ணாக மாறும்.

முன்பெல்லாம் மூளை வரைபடத்தை வைத்து, மூளையின் நடுப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 12 மி.மீ., பின்னால் 3, கீழே 4 என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. வெளிப்பக்கமாக 2 மி.மீ. தள்ளிப் போனாலே மின்சாரம் பக்கத்து நரம்புப் பாதையில் பரவி முகம் இழுக்கும், பேச்சு குழறும். கம்பியின் தடிமனே 1.3 மி.மீ. தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஒன்று சொல்கிறேன்: அப்பாவுக்கு நடுக்கம் அதிகமென்றால், மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அசைந்துபோன படத்தில் இலக்கைக் குறிக்க எனக்கு மனம் வராது.

படத்தில்தான் தெரிகிறதே, அப்புறம் ஏன் நோயாளியை விழித்திருக்க வைக்கிறார்கள்?

மண்டையில் துளை போட்டதும் கொஞ்சம் நீர் கசியும், காற்று நுழையும், மூளை சற்றே நகரும். முன்பு எடுத்த படத்துக்கு இது தெரியாது. அதனால் நரம்பணுக்களின் மின்துடிப்பை ஒலியாகக் கேட்க முதலில் ஒரு நுண்கம்பியை இறக்குவோம். இறக்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். நியூக்ளியஸுக்குள் நுழைந்ததும் மழை பிடித்ததுபோல் சடசடவென்று ஒலிக்கும். பிறகு மின்சாரம் கொடுத்தால், நான் பிடித்திருக்கும் விறைத்த மணிக்கட்டு கையிலேயே இளகும். அதைவிட நம்பகமான சான்று எனக்கு வேறில்லை.

ஆனாலும் பயந்த நோயாளியை வற்புறுத்தத் தேவையில்லை. 2021-இல் ஆம்ஸ்டர்டாமில் 110 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வில், விழித்திருந்தவர்களுக்கும் மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் சிந்தனை, மனநிலை, நடத்தை பாதிப்புகளில் வேறுபாடு தெரியவில்லை. மயக்கத்தில் செய்தால், தையல் போடுவதற்கு முன்பே ஸ்கேனில் கம்பியின் இடத்தைச் சரிபார்ப்பார்களா என்று மட்டும் கேளுங்கள்.

அம்மாவுக்குப் பார்க்கின்சன் இல்லை, கைநடுக்கம் மட்டும். இலக்கு எம்.ஆர்.ஐ.யில் தெரியாது என்றார் டாக்டர். நம்பலாமா?

நம்பலாம், அவர் சொன்னது உண்மை. நடுக்கத்துக்கான இலக்கு, மூளையின் நடுவே உள்ள தலாமஸுக்குள் இருக்கும் ‘விம்’ பகுதி. 1987-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் நரம்பியல் அறுவை நிபுணர் பெனாபிட் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியதும் இந்தப் பகுதியில்தான். வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் அதன் எல்லை பிரிந்து தெரியாது. சிறுமூளையிலிருந்து வரும் நரம்பு இழைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கும் ‘டிராக்டோகிராபி’ உதவுகிறது. ஆனால் அது கணக்கிட்டு வரைந்த பாதைதான், நேரில் பார்த்தது அல்ல. எனவே ஆபரேஷன் மேஜையிலேயே அம்மாவிடம் அட்டையில் சுருள் வரையச் சொல்வார்கள். ரம்பப்பல் மாதிரி இருந்த கோடு வழுவழுப்பாக ஓடினால் சரியான இடம்.

கருவியைப் பொருத்திய பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

இப்போதைய பல கருவிகளில், சில நிபந்தனைகளோடு எடுக்கலாம். கருவி அட்டையைக் காட்டுங்கள். பிசியோதெரபியில் உடலுக்குள் சூடேற்றக் கொடுக்கும் டயாதெர்மி மட்டும் கூடவே கூடாது, கம்பி சூடாகி மூளையைச் சுட்டுவிடும்.